நாற்பத்தேழு நிமிடம்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலை வானிலை அறிக்கையை அனுப்பிவிட்டு டீயைக் கையில் எடுத்தபோது தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது. உட்கார்ந்துகொண்டு இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை எழுந்து நின்று படித்தேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

நம் விமான நிலையத்துக்கும் மலைக்கு அந்தப் பக்கத்து விமான நிலையத்துக்கும் நடுவே நேர் விமானம் விடலாமா என்று பார்க்கிறார்களாம். பதினேழு இருக்கை. வெள்ளிக்கிழமை மாலை அங்கிருந்து இங்கே வந்து இரவு தங்கும், சனி காலை திரும்பும். ஞாயிறு மாலை மறுபடி வரும், திங்கள் காலை போகும்.

வெள்ளி மாலை! திங்கள் காலை!

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தீயணைப்பு வண்டி டிரைவர் வாசலில் நின்று என்னையே பார்த்தார். "என்ன மேடம், சம்பளம் ஏத்திட்டாங்களா?" என்றார். "அதெல்லாம் இல்ல, போய் வண்டியைத் துடைங்க" என்றேன். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அவர் துடைக்கப் போகவில்லை.

இங்கே நான் பொறுப்பாளர்; அந்தப் பக்கத்து நிலையத்தின் பொறுப்பாளர் யார் என்று இந்த நோட்டுக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் இன்றைக்கு ஆரம்பத்திலிருந்து எழுத ஆசையாக இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தலைநகரத்துப் பயிற்சி வகுப்பில் ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு தினமும் காலை ஏழு மணிக்கு, இரண்டு பேரும் வானிலை அறிக்கையை அனுப்பி முடித்ததும், ஒரு போன். "உங்க பக்கம் காத்து எப்படி மேடம்?" அறிக்கையில் காற்று இருக்கிறது, அவரும் அதைப் படித்திருக்கிறார், ஆனாலும் கேட்பார். நானும் சொல்வேன். இரண்டு வருடத்தில் நேரில் பார்த்தது நான்கே முறை. பஸ்ஸில் மலையைச் சுற்றி ஒன்பது மணி நேரம். விமானம் என்றால் தலைநகரம் போய், அங்கே ஆறு மணி நேரம் தேவுடு காத்து, மாற்று விமானம் பிடிக்க வேண்டும்.

போன மாதம், காற்றைக் கேட்கிற அதே குரலில், "நாம கல்யாணம் பண்ணிக்கலாமா மேடம்?" என்று கேட்டார். நான் "பார்க்கலாம் சார்" என்றேன். "எதைப் பார்க்கணும்?" என்றார். "நடுவுல ஒன்பது மணி நேரம் இருக்கு. யார் வேலையை யார் விடறது?" என்றேன். எனக்கு நாற்பத்து நான்கு வயது, அவருக்கு நாற்பத்தொன்பது. இரண்டு பேருக்கும் அவரவர் ஓடுபாதைதான் வீடு மாதிரி.

இன்று பத்தரைக்கு மறுபடி போன்.

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

அவ்வளவுதான். வைத்துவிட்டேன். கன்னம் வலித்தது, காலையிலிருந்து பல்லைக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நேற்று மாடி ஏறும்போதே அண்ணி பிடித்துக்கொண்டாள். கீழ்ப் போர்ஷனில் அண்ணனும் அண்ணியும், மேல் அறை எனக்கு. என் காலடிச் சத்தத்தை வைத்தே அன்றைய விமானம் லேட்டா இல்லையா என்று சொல்கிறவள் அவள். நேற்றுச் சத்தம் புதிதாக இருந்ததாம். சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

இன்று காலை போனை நீட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு ஊர்ப் பெயரைப் போட்டால் தூரமும் நேரமும் காட்டுகிற ஏதோ ஒரு இணையப் பக்கம்.

"இருநூத்திப் பன்னெண்டு கிலோமீட்டர், முப்பத்தொரு நிமிஷம்னு போட்டிருக்கான். முப்பத்தொரு நிமிஷம்டி! உங்கண்ணன் தலை வாரி முடிக்கறதுக்குள்ள நீ அங்க இருப்ப."

"அண்ணி, அது ஸ்கேல் வச்சு கோடு போட்ட கணக்கு. நடுவுல மலை இருக்கறது அந்த வெப்சைட்டுக்குத் தெரியாது. எங்க விமானம் மலைக்கு மேல போகாது, கணவாய் வழியா வளைஞ்சுதான் வரணும். ஏறணும், இறங்கணும், தரையில ஓடணும்."

"அப்ப எவ்வளவு ஆகும்?"

"பார்க்கலாம்."

"இந்த ஒரு வார்த்தையை யாருதான் உனக்குக் கத்துக் குடுத்தாங்களோ" என்று கீழே போய்விட்டாள்.

அண்ணன் தலை வாரி முடிப்பதற்குள் இரண்டு விமானம் வந்து போகலாம் என்பது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 13, புதன்

படிவம் வந்தது. மூன்று கட்டம். முதல் கட்டம்: அங்கே கதவை மூடியதிலிருந்து தரையை விடும் வரை எத்தனை நிமிடம் — அதை அவர் நிரப்ப வேண்டும். நடுக்கட்டம்: வானத்தில் எத்தனை நிமிடம் — தலைமையகத்து அட்டவணைப் பிரிவு. கடைசிக் கட்டம்: இங்கே தரையைத் தொட்டதிலிருந்து எஞ்சின் நிற்கும் வரை — நான். மூன்றையும் கூட்டினால் பயண நேரம்.

ஏழு என்று எழுதி அனுப்பினேன். இரண்டு முறை யோசிக்கவில்லை. கையெழுத்துக்கூட நன்றாக வந்தது.

என் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் கேடயம் இருக்கிறது. மூன்று வருடமாக நேரம் தவறாத நிலையங்களில் முதலிடம். அவருடைய நிலையம் இரண்டாவது. அதை அவரிடம் சொல்லிக் காட்டாத வாரமே இல்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பதில் இல்லை. இன்று வெள்ளிக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு வெறும் ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், வேலை எதுவும் இல்லாமல்.

செப்டம்பர் 3, புதன்

இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நம் ஓடுபாதையில் விளக்கு கிடையாது. அதனால் சூரியன் மறைய அரை மணி முன்னாலேயே விமானம் வந்து எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். குளிர்காலத்துக்கு மொத்தமாக ஒரே கெடு, மாலை 5:08. விமானம் தலைநகரத்திலிருந்து அந்த ஊருக்கு வந்து அங்கிருந்து கிளம்பும்போது 4:20 ஆகிவிடும், அதற்கு முன்னால் முடியவே முடியாதாம். பயண நேரம் ஐம்பத்தாறு நிமிடம். ஆக 5:16. எட்டு நிமிடம் தாமதம். நான்கு மாதம் ஓட்ட முடியாத வழியை எதற்குத் தொடங்க வேண்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

எட்டு நிமிஷம். எட்டே எட்டு நிமிஷம்! ரெண்டு வருஷம் காத்துட்டு இருக்கோம், எட்டு நிமிஷத்துக்குப் போச்சா? ஒரு குழாய் விளக்கு போட வக்கில்ல, கடிதம் எழுதறாங்க கடிதம்.

ஏழு மணிக்கு அவர் அழைத்தபோது கடிதம் வந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவரும் அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை. மாலை அண்ணி என் காலடியைக் கேட்டுவிட்டு வெளியே வரவே இல்லை.

செப்டம்பர் 4, வியாழன்

காலையில் முகம் கழுவும்போது உறைத்தது. நுரையோடு அப்படியே நின்றுவிட்டேன்.

ஐம்பத்தாறு. அதில் என்னுடையது ஏழு. அந்த ஏழு எங்கிருந்து வந்தது?

தலைநகரத்திலிருந்து வருகிற காலை விமானத்துக்கு ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். சக்கரம் தரையைத் தொட்டதிலிருந்து எஞ்சின் நிற்கிற வரை: இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி. மதிய விமானம்: மூன்று நிமிடம் ஐந்து விநாடி. "என்ன மேடம், ஓட்டப் பந்தயம் வைக்கறீங்களா?" என்றார் தீயணைப்பு டிரைவர். என் முகத்தில் ஈயாடவில்லை.

மூன்று. உண்மை மூன்று. ஏழு என்று எழுதியவள் நான்.

நோட்டே, உன்னிடம் மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பன்னிரண்டு வருடமாக எல்லாக் கணக்கிலும் நான்கு நிமிடம் கையிருப்பு வைத்துத்தான் எழுதுகிறேன். அப்படி எழுதினால் விமானம் மூன்று நிமிடம் தாமதமாக வந்தாலும் ஏட்டில் சரியான நேரம்தான். கேடயம் அப்படித்தான் வந்தது. கல்யாண வீட்டுக்கு அரை மணி முன்னால் போய் நாற்காலி போடுகிறவர்களோடு சேர்ந்து உட்கார்ந்திருப்பேன். டாக்டரிடம் போனால் டாக்டருக்கு முன்னால் வந்துவிடுவேன். கையிருப்பு இல்லாமல் நான் வாசல்படிகூடத் தாண்டினதில்லை. அந்தக் கையிருப்பு இப்போது என் விமானத்தையே விழுங்கிவிட்டது.

நான்கை எடுத்தாலும் 5:12. இன்னும் நான்கு வேண்டும். அவருடைய கட்டத்தில் ஐந்து போட்டிருக்கிறார்...

அவருமா?

செப்டம்பர் 5, வெள்ளி

ஏழு மணி போன்.

"உங்க பக்கம் காத்து எப்படி மேடம்?" குரலில் உயிரே இல்லை.

"காத்தை விடுங்க சார். உங்க கட்டத்துல அஞ்சு போட்டிருக்கீங்களே, அது நிஜமா?"

"ஏன் கேக்கறீங்க?"

"கதவை மூடினா எத்தனை நிமிஷத்துல தரையை விடறாங்க? வாட்சைப் பார்த்துச் சொல்லுங்க. ஏட்டைப் பார்த்துச் சொல்லாதீங்க."

நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. கதவைச் சாத்தினார் போலிருக்கிறது.

"மூணு" என்றார். "ரெண்டு நிமிஷம் சும்மா... ஒரு பாதுகாப்புக்கு. நீங்க?"

"என்னோடது நிஜம் மூணு."

"எழுதினது ஏழு!"

"கத்தாதீங்க."

"நாலு நிமிஷமா? நாலா மேடம்? ரெண்டு வருஷமா கேடயத்தைக் காட்டிக் காட்டி என் மானத்தை வாங்கினீங்களே!"

அதற்குப் பிறகு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. டிக்கெட் கவுண்டரில் நின்ற பயணி எட்டிப் பார்த்தார்.

இரண்டு பேருடையதும் சேர்ந்து ஆறு. 5:10. இன்னும் இரண்டு நிமிடம் எங்கே? நடுக்கட்டத்தில் நாற்பத்து நான்கு என்று இருக்கிறது. அட்டவணைப் பிரிவும் நம் ஜாதிதானோ?

"அதைக் கேக்கணும்னா முதல்ல நம்ம குட்டை நாமளே உடைக்கணும்" என்றார். உண்மை. எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் இனி எல்லா விமானத்துக்கும் உண்மை நேரம்தான். கேடயம்?

செப்டம்பர் 9, செவ்வாய்

நான்கு நாளாகக் கடிதத்தை எழுதுகிறேன், கிழிக்கிறேன். "கவனக்குறைவால்" என்று ஒரு தடவை எழுதினேன். பொய். "அளவீட்டு முறை மாற்றத்தால்" — இன்னும் பெரிய பொய். குப்பைக்கூடை நிறைந்துவிட்டது.

அண்ணி கொடியில் துணி உலர்த்த மாடிக்கு வந்தாள். விஷயம் முழுவதும் சொன்னேன். கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"உனக்குக் கேடயம் வேணுமா, வெள்ளிக்கிழமை வேணுமா?"

"ரெண்டும்."

"அப்ப ரெண்டும் கிடைக்காது. தள்ளு, இந்தப் போர்வையைப் பிடி."

போர்வையை இரண்டு முனையும் பிடித்துப் பிழிந்தோம். பிறகு கீழே இறங்கி, நான்கே வரியில் எழுதினேன். "படிவத்தில் நான் எழுதிய ஏழு நிமிடம் உண்மையல்ல. உண்மை மூன்று. தாமதம் தெரியாமல் இருப்பதற்காகப் பல வருடங்களாக இப்படி எழுதி வந்திருக்கிறேன். பொறுப்பு என்னுடையது." அனுப்பிவிட்டேன். பசிக்கிறது. இது என்ன பசி?

செப்டம்பர் 10, புதன்

அட்டவணைப் பிரிவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். குரலை வைத்துப் பார்த்தால் முப்பதைத் தாண்டியிருக்க மாட்டாள். எடுத்த எடுப்பில்:

"மேடம், உங்க லெட்டரும் அந்தப் பக்கத்து லெட்டரும் பத்து நிமிஷ வித்தியாசத்துல வந்திருக்கு. பேசி வச்சுக்கிட்டீங்களா?"

"ஆமா."

"எல்லா நிலையமும் கொஞ்சம் சேர்க்கும், எங்களுக்குத் தெரியும். ஆனா உங்களோடதுதான் எங்க ஆபீஸ்லயே அதிகம்."

முதலிடம், அதிலும்.

துணிந்து கேட்டேன்: "உங்க நாற்பத்து நாலு?"

விசைப்பலகை சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மூணு சேர்த்திருக்கோம்" என்றாள். "ஆனா நாற்பத்தொண்ணுங்கறது கம்ப்யூட்டர் கணக்கு. கணவாய்ல யாரும் ஓட்டிப் பார்க்கல. ஓட்டிப் பார்த்து நாற்பத்தொண்ணு வந்தா நான் எழுதித் தரேன்."

மூன்று, நாற்பத்தொன்று, மூன்று. நாற்பத்தேழு. 4:20-க்குக் கிளம்பினால் 5:07.

ஒரு நிமிடம் மிச்சம்! ஒரு முழு நிமிடம்!

செப்டம்பர் 27, சனி

சோதனை விமானம். கோர்வையாக வராது, வருகிறபடி எழுதுகிறேன்.

அவர் அங்கிருந்து அனுப்பி வைத்தார், 4:20:00 என்று தகவல் வந்தது. அந்த மூன்று பூஜ்யத்துக்காகவே அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும். நான் ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். தீயணைப்பு டிரைவர் அவருடையதை அழுத்தினார். கவுண்டரில் இருக்கிற பெண் சுவர்க் கடிகாரத்தின் கீழே பேப்பரோடு நின்றாள். பயணி ஒருவர்கூட இல்லாத விமானத்துக்கு இவ்வளவு பேர் காத்திருந்ததை நான் பார்த்ததில்லை.

முப்பதாவது நிமிடம் வரை ஒன்றுமே இல்லை. முப்பத்தைந்து. ஒன்றுமில்லை. "வராது மேடம்" என்றாள் கவுண்டர் பெண். "வாயை மூடு" என்றேன். பாவம். நாற்பதாவது நிமிடம் கிழக்கே ஒரு புள்ளி. தீயணைப்பு டிரைவர்தான் முதலில் பார்த்தார். "அதோ அதோ அதோ" என்று குதித்தார், ஐம்பது வயது மனிதர்.

எஞ்சின் நின்றபோது வாட்சில் நாற்பத்தாறு நிமிடம் ஐம்பத்திரண்டு விநாடி.

கேப்டன் இறங்கி வந்து, "வானத்துல நாற்பத்தொண்ணு. ரூலர் வச்சு அளந்த மாதிரி" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்தார். "அந்தப் பக்கத்து சார் குடுக்கச் சொன்னாரு. சாமான் கட்டணம் போடலாமான்னு கேட்டேன், முறைச்சாரு."

காகிதத்தில் ஒரே வரி: "நான் சரியாக 4:20-க்கு அனுப்பினேன். மீதி உங்கள் கையில்."

கேப்டன் போகிற வரை அதைப் பிரிக்காமல் இருந்திருக்கலாம். முகம் சிவந்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். பார்க்கட்டும்.

அக்டோபர் 6, திங்கள்

ஒப்புதல் வந்துவிட்டது! நவம்பர் 7, வெள்ளிக்கிழமை முதல். அட்டவணையில் அச்சாகியிருக்கிறது. 4:20 — 5:07. தலைகால் புரியவில்லை. அண்ணியைத் தூக்கிச் சுற்றப் பார்த்தேன், முடியவில்லை, இரண்டு பேரும் சோபாவில் விழுந்தோம்.

கடிதம் வந்ததுமே அவர் போன் செய்தார், காற்றைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஒன்பது மணி நேரம் நாற்பத்தேழு நிமிஷம் ஆயிடுச்சு மேடம். இப்ப சொல்லுங்க."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "குளிர்காலம் முடியட்டும் சார். நாலு மாசம் ஒழுங்கா ஓடுதான்னு பார்த்துட்டு..."

"சரி மேடம்" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னேன்? வேண்டாம் என்றா? இல்லை. வேண்டும். அப்புறம் என்ன? நின்றுபோனால்? ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, விமானம் நின்றுபோய், மறுபடி ஒன்பது மணி நேரம் ஆனால்? எல்லாம் சரி, ஆனால் சந்தோஷமான நாளில் அவரிடம் அதையா சொல்வது?

அக்டோபர் 14, செவ்வாய்

ஒரு வாரமாகக் காற்று மட்டும்தான் பேசுகிறோம். இன்று நானே, "கோபமா சார்?" என்றேன்.

"கோபம் இல்ல மேடம். நான் ரெண்டு நிமிஷம் ஒளிச்சு வச்சவன். எடுத்துப் போட்டுட்டேன். நீங்க உங்க நாலு நிமிஷத்தை நாலு மாசமா மாத்தி வச்சிருக்கீங்க."

"அப்படியில்ல..."

"இனிமே நான் கேக்க மாட்டேன். காத்து எப்படி இருக்கு?"

"கிழக்கு. எட்டு" என்றேன். எட்டு இல்லை, ஆறு. தப்பாகச் சொல்லிவிட்டேன். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

அக்டோபர் 31, வெள்ளி

உண்மை நேரத்தோடு முதல் மாதக் கணக்கு வந்தது. நம் நிலையம் ஐந்தாவது இடம். அவருடையது மூன்றாவது. கேடயத்தை எடுத்துப் போக ஆள் வந்தான். அலமாரியில் அது இருந்த இடம் மட்டும் தூசி இல்லாமல் வட்டமாக இருந்தது.

செத்தா போய்விட்டேன்? இல்லை. தீயணைப்பு டிரைவர், "வாராவாரம் அதைத் துடைக்கற வேலை மிச்சம் மேடம்" என்றார். மதியம் நன்றாகச் சாப்பிட்டேன். விமானம் நான்கு நிமிடம் தாமதம் என்று ஒலிபெருக்கியில் நானே அறிவித்தேன், பன்னிரண்டு வருடத்தில் முதல் முறை. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒருத்தர் கொட்டாவி விட்டார். இதற்கா இத்தனை வருடம் பயந்தேன்?

மாலை தலைமையகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். வேறு விஷயமாக.

நவம்பர் 7, வெள்ளி

வந்துவிட்டது. வந்தே விட்டது!

அவர் வரவில்லை. முதல் விமானத்தைப் பொறுப்பாளர்தான் நின்று அனுப்ப வேண்டும் என்பது விதி, முன்பே தெரியும். பதினாறு பயணிகளும், போன வாரம் தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டபடி எனக்கு மாற்றாக வேலை பார்க்க வருகிற ஒரு அதிகாரியும். எல்லா இருக்கையும் நிறைந்துவிட்டது.

4:20-க்குக் கிளம்பியது. கணவாயிலிருந்து கேப்டன் வானொலியில் பேசினார். "மேல எதிர்காத்து பலமா இருக்கு. கணக்குப்படி 5:10. உங்க கெடு 5:08. திரும்பணும்னா இப்பவே திரும்பணும். என்ன சொல்றீங்க?"

ஒரே ஒரு நிமிடம் கையிருப்பு வைத்திருந்தோம், அதுவும் போய்விட்டது. பழைய ஏழு இருந்திருந்தால் — இருந்திருந்தால் இந்த விமானமே இல்லை, அதையும் நினைத்தேன்.

வழக்கமாக இங்கே கிழக்குக் காற்று. அதனால் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய், மேற்கே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி இறங்கும். அந்தச் சுற்றுக்கே மூன்று நிமிடம். கீழே காற்று இல்லாவிட்டால் சுற்ற வேண்டாம், வருகிற திசையிலேயே நேராக இறங்கலாம். காற்றுமானியைப் பார்த்தேன். இரண்டு. மறுபடி பார்த்தேன். இரண்டு. ஆனால் எனக்கு இரண்டு என்று தெரியத்தானே ஆசை? என் கண்ணையே எனக்கு நம்ப முடியவில்லை. ஜன்னல் வழியாகக் கத்தினேன், தீயணைப்பு டிரைவர் ஓடி வந்தார்.

"இதுல எவ்வளவுன்னு படிங்க. நான் சொல்ல மாட்டேன். நீங்க படிங்க."

மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தார். "ரெண்டு மேடம். வெளியில காத்துப் பையும் தொங்கிப்போய்க் கிடக்கு."

வானொலியில் சொன்னேன்: "கீழே காற்று இரண்டு. சுற்ற வேண்டாம். நேராக இறங்கலாம்." என் குரல் நடுங்கவில்லை. அது எப்படி என்று தெரியவில்லை.

"நேரா வரேன்" என்றார் கேப்டன்.

எஞ்சின் நின்றது 5:06, நாற்பது விநாடி. சூரியன் இன்னும் தென்னை உயரத்தில் இருந்தது. கதவு திறந்ததும் முதலில் இறங்கினது ஒரு பெண்மணி, கையில் கைக்குழந்தை. "வந்தாச்சா? அவ்வளவுதானா?" என்று கேட்டாள். அவளைக் கட்டிப் பிடிக்காத குறை. தீயணைப்பு டிரைவர் யாரும் கேட்காமலே சைரனை ஒரு தடவை அடித்துவிட்டு, தெரியாமல் கை பட்டுவிட்டது என்றார்.

வந்து சேர்ந்தது என்று தகவல் அனுப்பினேன். அவரிடமிருந்து "பெற்றோம். நன்றி" என்று வந்தது. விதிப்படி என்ன வர வேண்டுமோ அதுதான். அதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர். கேட்கவே மாட்டார்.

அண்ணியிடம் சின்னப் பெட்டியைக் கேட்டேன். எதற்கு என்று கேட்காமலே பெரியதை எடுத்துக் கொடுத்தாள்.

நவம்பர் 8, சனி, காலை 6:40

ஏழு மணி விமானம். நிலையத்தில் என் மேஜையிலிருந்து எழுதுகிறேன். மாற்று அதிகாரி என் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறார், அவர் உட்கார நான் எழுந்திருக்க வேண்டும்.

அந்தப் பக்கத்துக்குப் பயணிகள் பட்டியலை அனுப்புவது இன்று வரை என் வேலை. பெயர், இருக்கை, பெட்டி எடை, திரும்பும் தேதி. பதினாறு வரி தட்டினேன். பதினேழாவதில் என் பெயர். பெட்டி, இருபத்து மூன்று கிலோ. அனுப்பிவிட்டேன்.

நான்கு நிமிடம் எதுவும் வரவில்லை. பிறகு வந்தது.

"பட்டியல் பெற்றோம். பதினேழாவது பயணிக்குத் திரும்பும் தேதி விட்டுப்போயிருக்கிறது. சரிபார்க்கவும்."

சரிபார்த்தேன். பதில் தட்டினேன்.

"விட்டுப்போகவில்லை."